விருந்தாளி வாத்தியார்

கென்யாவின் தெற்கே, நரோக், கஜியாடோ பகுதிகளில் மாசாய் இனப் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் எதிரே வந்து நின்று தலையைக் குனிவார்கள். பெரியவர் உள்ளங்கையால் அந்தத் தலையைத் தொட வேண்டும். அதுதான் அங்கே வணக்கம். பள்ளியில் பாடம் நடத்த வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் தன்னார்வலருக்கு இது தெரியாது. கைகுலுக்கக் கையை நீட்டுவார். பிள்ளை குனிந்தபடியே நிற்கும். பக்கத்தில் இருப்பவர் யாராவது காதோடு சொன்னால்தான் உண்டு.

இப்படித் தன்னார்வலராகப் போய்வருவது இப்போது பெருமைக்குரிய காரியமாகிவிட்டது. அனுப்பிவைப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. போகிறவரிடம் கட்டணமும் வாங்குகின்றன. நல்ல மனசோடுதான் போகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனசு ஆசிரியர் வேலைக்குத் தகுதியாகிவிடாது. பயிற்சி இல்லாத, பிள்ளைகளின் மொழி தெரியாத, மூன்று வாரத்தில் மூட்டை கட்டப்போகிற ஒருவரை நம் வீட்டுப் பிள்ளையின் வகுப்பில் விட்டால் சும்மா இருப்போமா? கென்யாவிலும் ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு செய்யாதவர் ஆசிரியராக வேலை பார்க்கச் சட்டம் இடம் தரவில்லை. ஏழைப் பிள்ளை என்றதும் மட்டும் அளவுகோல் எப்படித் தளர்ந்துவிடுகிறது?

அந்த வகுப்பறையைக் கொஞ்சம் பாருங்கள். மேலே தகரக் கூரை. பெருமழை பிடித்தால் வாத்தியார் குரல் முதல் வரிசைக்கே எட்டாது, நிற்கும்வரை பாடமில்லை. பிள்ளைகள் வீட்டில் பேசுவது மா மொழி. கீழ்வகுப்புகளில் அதிலேயே படிக்கலாம் என்பது அரசுக் கொள்கை; நான்காம் வகுப்பிலிருந்து எல்லாம் ஆங்கிலம், கூடவே சுவாஹிலி. எல்லைக்கு அப்பால் தான்சானியாவிலோ அரசுத் தொடக்கப்பள்ளி முழுக்க சுவாஹிலி. உயர்நிலைக்குப் போனதும் திடீரென ஆங்கிலம். இந்த மூன்று மொழிகளுக்கு நடுவே பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது மா மொழி தெரிந்த உள்ளூர் ஆசிரியருக்குத்தான் தெரியும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த விருந்தாளி, பிள்ளை தலையாட்டுவதைப் பார்த்துப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அந்த உள்ளூர் ஆசிரியரின் நிலைமைதான் உண்மையான பிரச்சினை. 2003இல் கென்யா தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. பிள்ளைகள் குவிந்தார்கள், ஆசிரியர் பணியிடங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. குறைகிற ஆசிரியர்களைப் பள்ளி நிர்வாகக் குழுவே சொற்பச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கிறது. பணம் பெரும்பாலும் பெற்றோர் கையிலிருந்து வருவது. அவர்களுக்கோ மாடுதான் வங்கி. 2020 கடைசியில் தொடங்கி ஐந்து மழைப் பருவங்கள் வரிசையாகப் பொய்த்தபோது மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அப்படிப்பட்ட காலத்தில் முதலில் நிற்பது இந்தச் சம்பளம்தான். சென்னையிலிருந்து நைரோபிக்குப் போய்வரும் விமானக் கட்டணம் அந்த ஆசிரியருக்குச் சில மாதச் சம்பளம்.

காகென்யா என்டாயா என்ற மாசாய்ப் பெண்ணின் கதையில் பயணச் செலவு எதிர்த்திசையில் ஓடியது. எனோசாயென் கிராமத்தில் ஐந்து வயதிலேயே அவருக்கு மாப்பிள்ளை நிச்சயம் செய்துவிட்டார்கள். மேற்கொண்டு படிக்கவிட்டால் பெண்ணுறுப்பை வெட்டும் சடங்குக்கு உடன்படுகிறேன் என்று அப்பாவிடம் பேரம் பேசித்தான் அவர் உயர்நிலைப்பள்ளிக்கே போக முடிந்தது. அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வழியனுப்பினார்கள். அவர் திரும்பிவந்து 2009இல் அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். எந்த வெளியூர்த் தன்னார்வலரும் அந்தப் பிள்ளைகளிடம் இவர் அளவுக்குப் பேசியிருக்க முடியாது.

உதவி செய்ய வந்தவர்களை மாசாய்கள் நிதானித்துப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. 1904, 1911 ஆண்டுகளில் பிரிட்டிஷார் ஒப்பந்தம் என்ற பெயரில் கையெழுத்து வாங்கி, முதலில் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்தும் பிறகு லைகிபியாவின் நல்ல மேய்ச்சல் நிலத்திலிருந்தும் அவர்களைக் கிளப்பினார்கள். மாசாய்கள் வழக்குப் போட்டார்கள், 1913இல் தோற்றார்கள். அப்போதும் வந்தவர்கள் நாகரிகம் கற்றுக்கொடுப்பதாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்காக யாருமே போகக்கூடாது என்று சொல்லவரவில்லை. கணக்கோ அறிவியலோ முறையாகப் படிப்பித்த அனுபவம் உள்ளவர், ஒரு பருவம் முழுக்கத் தங்க முடிந்தவர், போகலாம். போனால் கரும்பலகையைப் பிடுங்கிக்கொள்ளாமல் உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாளாக உட்காரட்டும். நோட்டுத் திருத்தட்டும், பாடக் குறிப்பு எழுத உதவட்டும். வறட்சியில் மந்தையோடு போய்விட்ட பையனைச் சோம்பேறி என்று எழுதிவிட வேண்டாம். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், எந்தப் புதரில் காட்டெருமை படுத்திருக்கும் என்று அறிந்து குடும்பத்தின் சொத்தைக் காப்பாற்றுகிறவன் அவன். ஜீப்பிலிருந்து பேனாவும் மிட்டாயும் இறைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். கொடுப்பதைத் தலைமையாசிரியர் கையில் கொடுக்கலாம். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு எடுக்கும் படங்களைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நம் பிள்ளையின் முகத்தை அப்படி ஊரறியப் போட ஒரு அந்நியரை விடுவோமா?

போக நினைக்கிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், நான் வரட்டுமா என்று கேட்காதீர்கள்; கேட்டால் மரியாதைக்காகவாவது வாருங்கள் என்றுதான் சொல்வார். ஆசிரியர் ஒருவருக்குச் சில மாதச் சம்பளம் வேண்டும் என்று பதில் வந்தால், டிக்கெட் பணத்தை அதற்கு அனுப்பிவிட்டு ஊரிலேயே இருங்கள்.