இரக்கமும் அவசரமும்

துன்புறும் உயிருக்கு உதவ வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. எப்பொழுது உதவுவது, எதுவரை உதவுவது என்பதிலேதான் மனிதன் தடுமாறுகிறான். அறிஞர் அவைகளில் மட்டும் பேசப்பட வேண்டிய வினா இது என்று எண்ணிவிட வேண்டாம். பத்துக் கிராம் எடையே உள்ள ஒரு காடை முட்டை இதனை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையிலுள்ள நம் கந்தர்வக்கோட்டைப் பகுதி முந்திரிக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள வீடுகளுக்குக் கோழி வளர்ப்பு புதிதன்று. காடை வளர்க்கும் ஆர்வமும் இப்பொழுது சிலரிடம் காணப்படுகிறது. தெர்மாகோல் பெட்டி ஒன்றில் மின்விளக்கும் வெப்பமானியும் நீர்க் கிண்ணமும் வைத்து, முட்டைகளை அடுக்கிவிட்டுப் பிள்ளைகள் நாள் எண்ணுகின்றனர். பதினேழாம் நாளளவில் ஓட்டில் ஒரு விரிசல் தோன்றுகிறது; உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கிறது. மணிக்கணக்கில் காத்திருந்தும் குஞ்சு வெளிவரவில்லை. "அத்தா, ஓட்டைப் பிரித்து விடுங்கள்" என்று பிள்ளை கெஞ்சுகிறது. "தொடாதே! அல்லாஹ் நாடினால் தானே வரும்" என்கிறார் வீட்டுப் பெரியவர். இவ்விருவரில் யார் சொல்வது சரி?

முதலில் அந்த முட்டை ஏன் பெட்டிக்குள் வந்தது என்று பார்ப்போம். காடை நமக்குப் புதிய பறவையன்று. பனீ இஸ்ராயீல் மக்களுக்கு இறைவன் அருளிய 'ஸல்வா' காடையே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. நம் காடுகளில் திரியும் காடையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீடுகளில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. இது 1974ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உத்தரப்பிரதேசத்து இஜ்ஜத்நகரில் ஆராயப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. முட்டைக்கும் இறைச்சிக்குமெனத் தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்து வளர்த்ததில், இப்பறவை அடை படுக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆகவே அதன் முட்டைக்கு அடைக்கோழி வேண்டும். இல்லையேல் கருவி வேண்டும்.

கருவியால் பொரிப்பதும் பழைய கலையே. பக்தாதில் 1162இல் பிறந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அவர்கள், எகிப்து நாட்டைப் பற்றி எழுதிய நூலில், அடுப்பின் வெப்பத்தால் ஏராளமான கோழிக் குஞ்சுகளைப் பொரிக்கும் கூடங்களை விரிவாக வருணித்துள்ளார்கள். அந்நாட்டார் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்களாம். தாயின் இடத்தை ஏற்றவர்கள், தாயின் விழிப்பையும் ஏற்க வேண்டியிருந்தது.

நம் வழக்கின் உயிர்நாடி இதுதான். தாயிடமிருந்து முட்டையை எடுத்து நம் பொறுப்பில் வைத்த கணமே அது அமானிதம் ஆகிவிடுகிறது. வளர்ப்புப் பிராணிக்கு உணவும் நீரும் அளிப்பது உடையவனின் கடமை என ஃபிக்ஹு நூல்கள் விதிக்கின்றன. ஓட்டுக்குள் இருக்கும் உயிருக்கு உணவு மஞ்சள் கரு. அதனை இறைவனே வைத்துவிட்டான். நாம் தர வேண்டியவை வெப்பமும் ஈரமும் பொறுமையுமே.

பொறுமை எதற்கு? வெளியே நின்று பார்ப்பவருக்குக் குஞ்சு சோர்ந்து கிடப்பதாகத் தோன்றும் நேரத்தில், உள்ளே பெரும் பணி நடக்கிறது. அதுவரை ஓட்டின் உட்புறம் படர்ந்த இரத்த நாளங்கள் வழியே மூச்சு விட்ட குஞ்சு, இப்பொழுது நுரையீரலால் மூச்சு விடப் பழகுகிறது. அந்நாளங்களிலுள்ள இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இவை முடிந்த பின்னரே குஞ்சு உள்ளேயே சுழன்று, அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டை வட்டமாக அறுக்கிறது. முன்னதாகவே நாம் ஓட்டைப் பிரித்தால் நாளங்கள் கிழிந்து இரத்தம் பெருகும். இரக்கத்தால் நீண்ட கை கொலைக்குக் காரணமாகும்.

ஆயின் பெரியவர் சொன்னதே முழு உண்மையா? அதுவுமன்று. போராடினால்தான் வலிமை வரும், ஆகவே விட்டுவிடுக என்று சிலர் இதனை நீதியாகவும் சொல்வர். எல்லாப் போராட்டமும் வலிமை தருவதன்று. இறுதி மூன்று நாள்களில் பெட்டிக்குள் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு இருத்தல் நலம். கிண்ணத்தில் நீர் வற்றினாலோ, ஆவலால் மூடியை அடிக்கடி திறந்தாலோ உட்சவ்வு காய்ந்து குஞ்சின் உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சுழல இயலாது. ஒரு குஞ்சைக் காணத் திறந்த மூடி இன்னொரு குஞ்சுக்குச் சிறையாகிறது. நாம் உண்டாக்கிய இடரை இறைவன் நாட்டத்தின்மேல் சுமத்திவிட்டுக் கைகட்டி நிற்பது தவக்குல் ஆகுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வீசி, நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பல நாள்கள் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. அத்தகைய நாளில் கருவி குளிர்ந்துபோனால் அது கத்ரு. கிண்ணத்தில் நீர் ஊற்ற மறந்தது கத்ரு அன்று, நம் கவனக்குறைவு.

எனவே விரிசல் கண்டு ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தும் முன்னேற்றமில்லை, சவ்வு காய்ந்து தாள் போல் தெரிகிறது, குஞ்சு இன்னும் குரல் கொடுக்கிறது என்றால் உதவலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், மூக்குத் துளையில் நீர் படாமல் சவ்வை ஈரமாக்க வேண்டும். ஓட்டைச் சிறு துணுக்குகளாக மட்டும் அகற்ற வேண்டும். இரத்தம் ஒரு புள்ளி தெரிந்தாலும் நிறுத்திவிட்டு, மீண்டும் பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கடைசி உந்துதலைக் குஞ்சுக்கே விட்டுவிட வேண்டும். இவ்வளவும் செய்தும் சில குஞ்சுகள் பிழைப்பதில்லை. முயற்சி நம்முடையது, உயிர் அவனுடையது.

அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைத்துவிடப் பணித்தார்கள். அங்கே திருப்பி ஒப்படைக்கத் தாய் இருந்தது. கருவியில் பொரித்த குஞ்சைத் திருப்பி ஒப்படைக்க யாரிடம் செல்வது? ஆகவே பொரித்த பின்னும் பொறுப்புத் தீர்வதில்லை. முதல் வாரத்தில் 35 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். கால் வழுக்கி விரிந்துவிடாதிருக்கத் தரையில் சொரசொரப்பான துணி விரிக்க வேண்டும். மூழ்கிவிடாதிருக்க நீர்த் தட்டில் கூழாங்கற்கள் இட வேண்டும்.

பிள்ளைகளின் கல்வியிலும், வறிய உறவினருக்கு உதவுவதிலும் இதே தடுமாற்றத்தைக் காண்கிறோம். எழுதத் திணறும் பிள்ளையின் விரலைப் பிடித்து நாமே எழுதி முடித்துவிடுகிறோம். அவனது தவிப்பைக் காண நமக்குப் பொறுக்கவில்லை என்பதே அதன் காரணம். வேறொருவர் கடனில் நெரிபடும்போதோ, அது அவருக்குப் பாடம் என்று ஒதுங்கிவிடுகிறோம். அக்கடனுக்கு நாம் கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலியும் காரணமாயிருக்கலாம் என்று எண்ணுவதில்லை. நம் மனவேதனையைத் தணித்துக்கொள்ள உதவுகிறோமா, அவ்வுயிரின் தேவையறிந்து உதவுகிறோமா என்று கை நீட்டுமுன் கேட்டுக்கொள்வோம். ஒதுங்கி நிற்குமுன், இவ்விடரில் நம் பங்கு என்ன என்றும் கேட்டுக்கொள்வோம். இவ்விரு வினாக்களையும் மறவாத நெஞ்சை வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக!