எந்தத் தோல்?

முப்பத்திரண்டு ஆண்டுகள் தாவரவியல் நடத்தினேன். கடுக்காய் என்றால் டெர்மினாலியா செபுலா, ஆவாரை என்றால் கேசியா ஆரிகுலேட்டா, சந்தனம் என்றால் சாண்டலம் ஆல்பம். பெயருக்கு அடியில் கோடு போடாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு என்று பிள்ளைகளை மிரட்டியிருக்கிறேன். அந்தப் பெயர்களுக்கு என்ன பொருள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒடுகத்தூர் வீட்டுத் திண்ணையில் லத்தீன் அகராதியோடு உட்கார்ந்தேன். ஆல்பம் என்றால் வெள்ளை. ஆரிகுலா என்றால் சின்னக் காது. எழுந்துபோய்ச் சாலையோர ஆவாரஞ்செடியைப் பார்த்தேன். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல ஒரு செதில்! இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய பெயர் அன்றைக்குத்தான் எனக்குச் செடியைக் காட்டியது. டெர்மினஸ் என்றால் எல்லை. கடுக்காய் இனத்து மரங்களில் இலைகள் கிளை நுனியில் கூடி நிற்பதால் டெர்மினாலியா. ரோமானியர் எல்லைக்கல்லையும் டெர்மினஸ் என்ற பெயரிலேயே தெய்வமாகக் கும்பிட்டிருக்கிறார்கள். நம் எல்லைச்சாமிக்குத் தூரத்துப் பங்காளி.

"இந்த வயசுல இதைக் கத்துக்கிட்டு யார்கிட்ட சார் பேசப் போறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிரித்து மழுப்பினேன்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, முன்பக்கம் லத்தீன், பின்பக்கம் தமிழ் என்று எழுதி மனப்பாடம் செய்தேன். பெக்கூஸ் என்றால் ஆடுமாடு. அதிலிருந்து பெக்கூனியா, பணம். ரோமானியரே சொல்லிவைத்த சொற்பிறப்பு இது. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் 'மாடு' என்பதைச் செல்வம் என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவருக்கு அகராதியும் வேண்டாம். கயிறு கைமாறுகிறது, பணம் கைமாறுகிறது, இரண்டும் ஒன்றுதான்.

அடிக்கடி வரும் ஆயிரம் சொற்களைக் கற்றால், லத்தீன் நூல் ஒன்றில் பத்துக்கு ஏழு சொல் பிடிபடும் என்கிறார்கள். பிடிபட்டது. ஆனால் அந்த ஏழும் 'மற்றும்', 'இது', 'இரு', 'போ' என்கிற கூட்டம். சரக்கெல்லாம் மீதி மூன்றில் இருந்தது. பிளினி என்ற ரோமானியர், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர், 37 பாகங்களில் இயற்கை வரலாறு எழுதியிருக்கிறார். ஒரு பவுண்டு மிளகு 4 தினாரி, வெள்ளை மிளகு 7, திப்பிலி 15 என்று மளிகைக் கடைக்காரர் போல விலை சொல்கிறார். அவர் எழுதிய ஒரு வரியில் தடுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். நடுவில் 'முசிரிம்' என்று ஒரு சொல். அகராதியைப் புரட்டப் போன கை நின்றது. முசிறி! கடைசி எழுத்து நம் 'ஐ' உருபு; முசிறியை. சற்றுத் தள்ளிப் பாண்டியனும் வந்தான், 'மோதுரா' என்று மதுரையும் வந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதே வழியில் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் நடந்து வந்திருக்கிறார். இத்தாலியில் பிறந்து, முப்பது வயதையொட்டி 1710இல் இந்தியா வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். 1732இல் சதுரகராதி தந்தார். வேற்றூரில் பிறந்தவர் நம் வீட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பொருள் எழுதி, அடுக்கிவைத்தார். வீட்டிலேயே பிறந்தவன் என்ன செய்தான்?

போன மாதம் 'கோரியம்' என்று ஒரு அட்டை எழுதினேன். பின்பக்கம் 'தோல்' என்று எழுதிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தவன், அப்படியே இருந்துவிட்டேன். நைனா பார்த்திருந்தால், "எந்தத் தோலுடா?" என்று கேட்டிருப்பார்.

நைனா, என் அப்பா, தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டைத் தண்ணியும் அவருடைய கை நகங்களிலேயே தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் கடுக்காயைக் கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்வார். ஈரத்தோலுக்கு ஒரு பேர், பாதி காய்ந்ததற்கு ஒரு பேர், கழுத்துப் பக்கத்துக்கு ஒன்று, வயிற்றுப் பக்கத்துக்கு ஒன்று. ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தால் அந்தச் சொற்கள் உருளும். வாடை பிடிக்காமல் தட்டோடு தள்ளி உட்கார்ந்தவன் நான். கடுக்காய்க்கும் ஆவாரைக்கும் லத்தீனில் என்ன பெயர் என்று அப்போது மும்முரமாக உருப்போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டேனரிக்குக் குரோம் உப்பும் சுழலும் டிரம்களும் வந்தன. வாரக்கணக்கில் ஊறிய வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. பட்டைக் குழிகள் தூர்ந்தன, நைனாவும் போய்விட்டார். அந்தச் சொற்களில் ஒன்றுகூட இன்று என் நாவில் இல்லை.

லத்தீனைச் செத்த மொழி என்கிறோம். அதன் ஒவ்வொரு சொல்லையும் நானூறு ரூபாய் அகராதியில் தேடி எடுக்க முடிகிறது. நைனாவின் பேச்சை எங்கே போய்ப் புரட்டுவது?

பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நைனாவோடு குழியில் இறங்கியவர் ஒருவர் பேரணாம்பட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது சற்று மந்தம். வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன். புதிதாக நறுக்கிய அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்தாயிற்று. இரண்டு பக்கமும் வெற்று.