மெய்யைச் சொல்லி ஏமாற்றலாமா?



சொல்லும் வார்த்தை ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, சொன்ன சங்கதி மட்டும் பொய்யாயிருக்கக் கூடுமா? கூடும் என்பதற்கு இந்நாளில் கடைகளில் விற்கும் ஒரு துணியே சாட்சி. "மூங்கில் துணி, இயற்கையானது, பூமிக்குத் தீங்கு செய்யாதது" என்று அட்டை கட்டிக் குழந்தைச் சட்டை, துவாலை, காலுறை முதலியவற்றை விற்கிறார்கள். வாங்குகிற தாய் என்ன நினைக்கிறாள்? பஞ்சை நூற்பதுபோல் மூங்கில் நாரை நூற்று நெய்ததென்று நினைத்து, விலை சற்று அதிகமானாலும் மனத்திருப்தியோடு வாங்கிப் போகிறாள்.

நடப்பது வேறு. மூங்கிலை நாராக எடுத்து நெய்யும் துணி அபூர்வம், விலையும் அதிகம். சாதாரணமாகக் கிடைப்பதோ ரேயான். மூங்கிலையோ வேறு மரத்தையோ கூழாக்கிக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு என்னும் இரசாயனத்தோடு சேர்த்துத் தேன்போன்ற பாகாக்கி, நுண்ணிய துளைகள் வழியே கந்தக அமிலத்துக்குள் பாய்ச்சி இழையாக்குகிறார்கள். விஸ்கோஸ் என்னும் இம்முறை 1892-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கார்பன் டைசல்பைடை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நரம்புக்கேடும் சித்தக்கலக்கமும் இருதய நோயும் வரக்கூடும்.

நம் படாளத்துச் சர்க்கரை ஆலைக்குள் கரும்பு போகிறது. வெள்ளைச் சர்க்கரை வெளியே வருகிறது. கரும்பிலிருந்து வந்தது என்பது மெய்தான். அதற்காகச் சர்க்கரை மூட்டையைக் கரும்பென்று ஒருவன் விற்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இது தூரதேசத்துக் கதையல்ல. கோழிக்கோட்டிற்கு அருகே மாவூரில் குவாலியர் ரேயான்ஸ் ஆலை 1963-ல் தொடங்கிற்று. நிலம்பூர், வயநாட்டுக் காடுகளின் மூங்கில் அங்கே கூழாயிற்று. கழிவுநீர் சாலியாற்றில் கலந்தது. மீன் செத்தது, கரையோர மக்கள் பல்லாண்டு போராடினார்கள். அவர்களை முன்னின்று நடத்திய வாழக்காட்டு ஊராட்சித் தலைவர் கே. ஏ. ரஹ்மான் 1999-ல் புற்றுநோயால் இறந்தார். 2001-ல் ஆலை மூடப்பட்டது. மூவாயிரம் பேருக்குமேல் வேலைகொடுத்த ஆலை அது. ஆகையால் ஆற்றை இழந்தவனும் அழுதான், பிழைப்பை இழந்தவனும் அழுதான். நம் மாநிலத்திலும் மேட்டுப்பாளையம் பக்கத்துச் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவினால் பவானியாறு கெட்டதென்று குடியானவர்களும் மீனவர்களும் முறையிட்டார்கள். அந்த ஆலையும் மூடிக்கிடக்கிறது. மூங்கிலும் மரமும் இயற்கைதான். ஆற்றில் விட்டது இயற்கையா?

"வியாபாரி தன் சரக்கைப் புகழ்வது வழக்கந்தானே, இதில் என்ன பாவம்?" என்று சிலர் கேட்கலாம். மாம்பழக்காரி "சர்க்கரைக்கட்டி" என்று கூவுகிறாள். அதை யாரும் பொய்யென்று சொல்வதில்லை. ஒரு துண்டு வாயில் போட்டால் விஷயம் தெரிந்துவிடும். துணியைத் தடவிப் பார்த்து ஆற்றின் கதியை அறிய முடியுமா? வாங்குகிறவளுக்கு அந்த அட்டை ஒன்றே ஆதாரம். அதனாலேயே எழுதுகிறவனுக்குக் கடமை அதிகம்.

ஒழுக்க நூலார் முன்னொரு காலத்தில் இதைக் குறித்துத் தர்க்கித்தார்கள். "நான் அதைச் செய்யவில்லை" என்று வாயால் சொல்லி, "இன்றைக்கு" என்ற சொல்லை மனதிற்குள் விழுங்கிக்கொண்டால் அது பொய்யாகாது என்று சிலர் வாதித்தனர். 1679-ல் பாப்பரசர் 11-ம் இன்னொசென்ட் அவ்வாதத்தைக் கண்டித்துத் தள்ளினார். தக்க முகாந்தரம் இருந்து, கேட்பவனும் சாதாரண புத்தியால் உண்மையை ஊகிக்கக் கூடுமானால், ஒரு விஷயத்தை முழுதும் சொல்லாமல் விடலாம். அந்த வழியை அடைத்துவிட்டு, இலாபத்துக்காகப் பாதியை விழுங்குவது எட்டாம் கற்பனைக்கு விரோதமே. "மூங்கில்" என்று பெரிய எழுத்தில் போட்டு, "விஸ்கோஸ்" என்பதை உட்புறத்தில் பொடி எழுத்தில் ஒளிப்பது இந்த இனத்தைச் சேர்ந்தது.

உலகச் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. ரேயானை மூங்கிலென்று விற்றதாகக் குற்றஞ்சாட்டி அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2009 முதல் பலர்மேல் நடவடிக்கை எடுத்தது. 2022-ல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் அபராதம் கட்ட நேர்ந்தது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் வெளியான விதிகளின்படி, தக்க ஆதாரமும் விளக்கமுமின்றிப் "பசுமை", "இயற்கை" என்று விளம்பரம் செய்யலாகாது.

அப்படியானால் ரேயான் உடுத்துவது பாவமா? இல்லை. மென்மையான, மலிவான துணி, ஏழைக்கு உதவுவது. பருத்தியும் தண்ணீரும் பூச்சிமருந்தும் குடித்தே வளர்கிறது. லயோசெல் என்னும் முறையில் இரசாயனத்தை நூற்றுக்கு 99 பங்குக்குமேல் மீட்டுத் திரும்பவும் உபயோகிக்கிறார்கள். ஆகவே எதிலிருந்து செய்தது என்பதோடு நில்லாமல், எப்படிச் செய்தது என்றும் கேட்க வேண்டும்.

ஜவுளிக்கடையில் நின்று விற்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதலாளி சொல்லிக்கொடுத்ததை மறுக்கப் பயமாயிருக்கும். கூலிதான் வீட்டுச் சோறு. "மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான்" என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல் கூடுகிறது, பொய் போய்விடுகிறது. சரக்கும் விற்கும்.

வாங்குகிற நமக்கும் பங்குண்டு. கொஞ்சம் பணம் அதிகம் கொடுத்து, நல்ல மனச்சாட்சியையும் கடையிலேயே வாங்கிவிடலாமென்று நாம் ஆசைப்படுவதால்தான் அந்த அட்டை செல்லுபடியாகிறது. துணியின் உட்புறச் சீட்டைப் படியுங்கள். தெரியாததைக் கேளுங்கள். இருக்கிற சட்டையைத் தைத்து இன்னும் ஓராண்டு உடுத்துங்கள். அதனால் எந்த ஆற்றுக்கும் புதிதாய்க் கேடில்லை.