தாய்க்குச் சோறு போட்டால் போதுமா?



“என் தாய்க்கு நான் என்ன குறை வைத்தேன்? மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன், மருந்துச் செலவும் என்னுடையதே” என்று சொல்லும் மகன் பொய் சொல்லுகிறவன் அல்லன். ஆயினும் அவன் தாயை விசாரித்தால், “பணத்துக்குக் குறைவில்லை சுவாமி, அவன் வந்துதான் வருஷம் ஒன்றாகிறது” என்பாள். மகன் கணக்கில் பாக்கி இல்லை. தாயின் கணக்கில் பாக்கி இருக்கிறது. இவ்விரண்டில் எந்தக் கணக்குச் சரியானது? இதை இந்த வாரம் சற்று நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

பிதா மாதாவைச் சங்கிக்க வேண்டும் என்னும் நாலாம் கற்பனையை நாம் எல்லோரும் சிறுவயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் பண்ணினோம். சிறுவயதில் படித்ததால், அது சிறுபிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடுகிறோம். அது தப்பெண்ணம். சீனாய் மலையடியில் பத்துக் கற்பனைகளைப் பெற்றுக்கொண்டவர்கள் பெண்டு பிள்ளைகளையுடைய பெரியவர்களே. திருச்சபையும் இதைத் தெளிவாய்ப் படிப்பிக்கிறது: பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனபின் பெற்றோருக்குக் கீழ்ப்படியும் கடமை முடிந்துபோகிறது, சங்கிக்கும் கடமையோ ஒருபோதும் முடிவதில்லை.

சங்கிப்பது என்றால் என்ன? 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். தாய் தாயாயிருப்பதாலேயே அவளுக்கு எப்போதும் செலுத்த வேண்டியது ஒன்று: அது வணக்கமும் பணிவிடையும். அவளுக்கு நேரிடும் நிலைமையால் வருவது மற்றொன்று: வியாதியாயிருந்தால் போய்ப் பார்ப்பதும், ஏழையாயிருந்தால் ஆதரிப்பதும் இதைச் சேர்ந்தவை. பார்த்தீர்களா? நாம் முதன்மையாக நினைக்கும் பணம் இரண்டாம் வகையில்தான் வருகிறது. அது அவசியமே; ஏழைத் தாயைப் பட்டினி போடுகிறவன் பெரும் பாவி. ஆனால் அது முதற்கடனுக்கு ஈடாகாது. “அம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது, அவளுக்கு நான் என்ன செய்ய வேண்டியிருக்கிறது?” என்பவன், தாய்க்கு வறுமை இல்லாததால் தனக்குக் கடமையே இல்லை என்கிறான். அந்த ஞாயம் செல்லாது.

அதே வேதபாரகர் வேறொன்றும் சொல்லுகிறார். கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். நமக்கு உயிரும் வளர்ப்பும் தந்தவர்களுக்கோ சரிக்குச் சரி திருப்பிக் கொடுக்க நம்மால் ஆகாது. தீராத கடனில் “பாக்கி இல்லை” என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தியாவில் பெற்றோரைப் பராமரிப்பதற்கென்று 2007-ம் வருஷம் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட தாய் தீர்ப்பாயத்தில் முறையிட்டால், மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கொடுக்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிடலாம் என்று அதில் விதித்தார்கள். நல்ல சட்டம்; அப்படி ஒன்று தேவைப்பட்டதே நமக்கு வெட்கம். ஆனால் எந்தச் சட்டமும், “உன் தாயோடு உட்கார்ந்து சாப்பிடு” என்று உத்தரவிட முடியாது. சட்டம் முடிகிற இடத்தில்தான் கற்பனையின் உட்பொருள் ஆரம்பமாகிறது.

ஏன் சாப்பாட்டைச் சொல்லுகிறேன்? மிருகங்களும் குட்டிகளுக்கு இரை கொடுக்கின்றன. குட்டி வளர்ந்ததும் தாயை மறக்கிறது. மனிதன் மட்டும் இரை தின்பதில்லை, பந்தியில் அமர்கிறான். ஒருவரோடு சேர்ந்து உண்பது, “நீ என்னைச் சேர்ந்தவன்” என்று வாயால் சொல்லாமல் சொல்லுவதாகும். நம் ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் தம்மையே நமக்குக் கொடுக்கச் சித்தமானபோது, அதை ஒரு விருந்தாகவே ஸ்தாபித்தார். உயிர்த்தபின்னும் திபேரியாக் கடலோரத்தில் அப்பமும் மீனும் ஆயத்தம்பண்ணிச் சீஷர்களைச் சாப்பிட அழைத்தார்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். வியாதிக்காரருக்கு நன்மை கொண்டுபோகும்போதும், வீடு மந்திரிக்கப் போகும்போதும் குருவானவர்கள் காணும் சங்கதிதான். தாய் முறுக்கும் ஊறுகாயும் முருங்கைக்காயும் சுமந்துகொண்டு மகன் வீட்டுக்கு வருகிறாள். மறுநாளே அடுப்படி அவளுடையதாகிறது. பேரப்பிள்ளையைத் தூக்குவதும் அவள் வேலையாகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில், ஆறிப்போனதைத் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதானதும், “ஊருக்கு எப்போது?” என்ற கேள்வி பிறக்கிறது. அவள் வந்தது தாயாகவா, வேலைக்காரியாகவா?

வேறு சில வீடுகளில் முறை வைக்கிறார்கள். இந்த மாதம் மூத்தவன் வீடு, அடுத்த மாதம் இளையவன் வீடு. முப்பத்தோராம் நாள் சாப்பாடு யார் பொறுப்பு என்று வாக்குவாதம் நடப்பதும் உண்டு. தாயை ஒருவன், தகப்பனை ஒருவன் என்று பங்கு போட்டுக்கொள்வது இன்னும் கொடுமை. சர்வேசுரன் சேர்த்துவைத்த இருவரை வயோதிகத்தில் பிரித்து வைக்க, அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? முறை வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்வது புத்திதான். ஆனால் பாரம் என்ற எண்ணத்தோடு வைத்த சோறு தொண்டையில் இறங்காது.

சிலர் தடை சொல்லுவார்கள்: “மனிதன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு சேர்ந்திருப்பான் என்று வேதாகமமே கற்பிக்கிறதே?” மெய்தான். மனைவிக்குரிய இடத்தைத் தாய் கேட்கவும் கூடாது, மகன் கொடுக்கவும் கூடாது. ஆனால் விட்டுப் போவது வேறு, கைவிடுவது வேறு. ரூத் என்னும் மருமகள் வயலில் தனக்குக் கிடைத்த வறுத்த தானியத்தைத் தின்று, மீதியைக் கட்டிக்கொண்டு வந்து மாமியாருக்குக் கொடுத்தாள். கப்பர்நாவும் ஊரில் அர்ச். இராயப்பர் வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தது அவருடைய மாமியார். முதல் பாப்பானவர் மனைவியின் தாயைத் தம் வீட்டில் வைத்திருந்தாரே! மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூசும் தாய்மாருக்கு அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது மருமகப்பிள்ளையின் கடமை.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு மருமகள் குழம்பை மற்றொரு மருமகளிடம் பழிக்காதீர்கள். மூத்தவன் வீட்டுச் சங்கதியை இளையவன் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் போனபின் அந்த வீட்டில் சண்டை மூளுமானால், அடுத்த முறை கதவு தாமதமாய்த்தான் திறக்கும்.

பிள்ளை தப்பு வழியில் போயிருந்தால்? “மகன் பூசையை விட்டுவிட்டான், மெய்விவாகமின்றிக் குடித்தனம் நடத்துகிறான். அவனோடு நான் சாப்பிடலாமா?” என்று கலங்கும் தாய்மார் உண்டு. அர்ச். மோனிக்கம்மாள் இந்த வேதனையை அறிந்தவள். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே ஊரில், மகன் அகுஸ்தீன் மனிக்கேயர் என்னும் பதிதரோடு சேர்ந்தபோது, அவனைத் தன் வீட்டிலும் பந்தியிலும் சேர்க்க மறுத்தாள். பின்பு, அவன் ஒருநாள் தன் விசுவாசத்தில் நிற்பான் என்று காட்டும் கனவு கண்டு ஆறுதலடைந்து, மறுபடியும் சேர்த்துக்கொண்டாள். அவன் மனந்திரும்பினதோ பல வருஷங்கள் கழித்து! அதாவது, அவன் திருந்தியபின் அவள் சோறு போடவில்லை. திருந்துமுன்னே போட்டாள், கண்ணீரையும் நிறுத்தவில்லை. தப்பை ஒப்புக்கொள்வது வேறு, பிள்ளையோடு உண்பது வேறு. நம் ஆண்டவரும் பாவிகளோடு பந்தியமர்ந்தார். அவர்கள் பாவத்தில் பங்குகொள்ளவில்லை.

385-ல் அந்தத் தாய் கடல் கடந்து மிலான் நகருக்கு மகனைத் தேடிப் போனாள். மறுவருஷம் நவம்பர் 13-ந் தேதி அகுஸ்தீனாருக்கு 32 வயது நிறைந்தது. அன்று நாட்டுப்புற வீடொன்றில் எளிய பகல் சாப்பாட்டுக்குப் பின், பாக்கியமான வாழ்வு எது என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். அங்கிருந்தவர்களைக் குறிப்பிட்டு எழுதும்போது, அகுஸ்தீனார் முதலில் சொல்வது தம் தாயைத்தான். அவள் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடவில்லை. கூட உட்கார்ந்து பேசினாள், மகனும் அவள் பேச்சைக் குறித்துவைத்தார்.

கோவிலுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் “கொர்பான்”, அதாவது சர்வேசுரனுக்குக் காணிக்கை, என்று சொல்லி மறுத்த பரிசேயர்களைச் சேசுநாதர் கடிந்துகொண்டார். திருநாளுக்குத் தாராளமாய்க் கொடுத்துவிட்டு, தாயை எட்டிப்பாராமல் ஊர் திரும்புகிறவனுடைய காணிக்கை சர்வேசுரனுக்கு எப்படிப் பிரியமாகும்?

ஆகையால், பிரியமானவர்களே, உடனே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லுகிறேன். தூரத்தில் இருப்பவர்கள் திருநாளுக்கும் சாவுக்கும் என்று காத்திராமல், போகும் தேதியை முன்னதாகவே குறித்துத் தாய்க்குத் தெரிவியுங்கள்; அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பதே அவளுக்குப் பாதி மருந்து. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது நல்லது. ஆனால் அதில் ஒரு கவளம் சோறு ஊட்ட முடியாது. தாய் உங்கள் வீட்டில் இருக்கும்போது, தினம் ஒரு வேளையாவது அவளை முதலில் உட்கார வைத்து, மகனோ மகளோ பரிமாறட்டும்; கைப்பேசி அடுத்த அறையில் கிடக்கட்டும். உங்கள் தெருவில் யாரும் தேடி வராத தாய் ஒருத்தி இருந்தால், ஞாயிறு பூசைக்குப் பின் அவளையும் அழையுங்கள். சிலுவையடியில் ஆண்டவர் தம் மாதாவை ஒப்படைத்தது அவள் பெற்ற பிள்ளையிடம் அல்ல, அர்ச். அருளப்பரிடம்.

தாயை இழந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. மோனிக்கம்மாள் தன் புருஷன் பக்கத்தில் அடக்கம்பண்ணப்பட வேண்டுமென்று வெகுகாலம் ஆசைப்பட்டவள். 387-ல் ஓஸ்தியா துறைமுகத்தில் 56-ம் வயதில் மரிக்கும்போது அந்த ஆசையையும் விட்டாள். உடலை எங்கே வைத்தாலும் சரி, ஆண்டவருடைய பீடத்தில் தன்னை நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டாள். தாயும் பிள்ளையும் சேர்ந்தமரும் கடைசிப் பந்தி அதுவே. உயிரோடிருக்கும் தாயை வீட்டுப் பந்தியில் மறவாதவன், மரித்த தாயைப் பீடத்தின் பந்தியிலும் மறக்கமாட்டான்.

தேவமாதா உங்கள் வீடுகளைக் காத்துக்கொள்ளும்படி மன்றாடும்,
உங்கள் பங்குக் குரு