உடைத்துப் பார் அந்தச் சொல்லை!

ஆங்கிலச் சொல் ஒன்று நீளமாக வந்தால் ஏன் தலையைக் குனிகிறாய்?

"நான் தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது." போதும்! இந்தப் பாட்டை இன்னும் எத்தனை காலம் பாடப்போகிறாய்?

ஆம்பிஷன், அதாவது லட்சியம். இன்டர்வியூவில் கேட்பார்களே, அதே சொல்தான். கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? உடைத்துப் பார்!

உள்ளே இரண்டே லத்தீன் துண்டுகள். 'அம்பி' என்றால் சுற்றிலும். 'ஈரே' என்றால் போவது. சுற்றிச் சுற்றிப் போவது!

போனவர்கள் யார்? பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள். சுண்ணம் பூசி வெளுத்த ஆடையோடு தெருவில் இறங்கினார்கள். ஆள் ஆளாகப் பார்த்து வாக்குக் கேட்டார்கள்.

கால் நோக நடந்தவனின் சொல் அது! நீ அதை வைத்துக்கொண்டு படுக்கையில் கனவு காண்கிறாயே, நியாயமா?

அந்த 'ஈரே' உனக்கு அந்நியமா என்ன? தியேட்டர் கதவின் மேல் எரியும் எக்ஸிட், வெளியே போவது. சர்க்யூட், சுற்றி வருவது. டிரான்சிட், கடந்து போவது. உன் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலும் அதே வேர்தான்! உள்ளே போவது, அதாவது தொடங்குவது.

பெயர் வைத்த நாளிலிருந்து லத்தீனைச் சுமந்துகொண்டிருக்கிறாய். பிறகென்ன "எனக்கு வராது"?

வசதியில்லை என்கிறாயா? ஜேம்ஸ் மர்ரே ஸ்காட்லாந்துத் தையல்காரர் ஒருவரின் மகன். 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. படிப்பதை அவர் நிறுத்தவில்லை! மொழி மேல் மொழியாகத் தானே கற்றார்.

1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 10 ஆண்டில் முடிக்கத் திட்டம். 1884-இல் முதல் பகுதி வெளிவந்தது. எதுவரை தெரியுமா? 'ஆண்ட்' வரை! 5 ஆண்டு உழைப்பு, முதல் எழுத்தே முடியவில்லை.

அந்த நிலையில் நீ என்ன செய்திருப்பாய்? மூட்டை கட்டியிருப்பாய்!

அவர் கட்டவில்லை. 1915-இல் சாகும்வரை சொல் சொல்லாக வேரைத் தோண்டினார். 1928-இல்தான் அகராதி முழுமை பெற்றது. ஆம்பிஷனின் வேர் அந்த முதல் பகுதியிலேயே இருக்கிறது.

உன்னை அகராதி எழுதச் சொன்னேனா? இன்று ஒரே ஒரு சொல்லை எடு. வேரைத் தேடு. நோட்டில் எழுது. வாய்விட்டுச் சொல்!

தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களா? சிரிக்கட்டும். நீ அடுத்த சொல்லை எடு!