தந்தையின் குறையைச் சொல்லலாமோ?

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து உற்சவம் ஸேவிக்க வந்துள்ள அன்பர்களே! இதே கடற்கரையில், தெற்கே புதுவையில் வாழ்ந்த பாரதியார், 1910-இல் ‘கனவு’ என்னும் சுயசரிதையை வெளியிட்டார். ஐந்து வயதில் தாயை இழந்த அவர், தந்தைக்கு அஞ்சித் தெருவில் பிள்ளைகளோடு விளையாடாது கழித்த தனிமையையும், தாம் வெறுத்த ஆங்கிலக் கல்விக்குத் தந்தை தம்மை அனுப்பியதையும் அதில் ஒளிக்கவில்லை. இது பித்ரு துரோகமாகுமோ? அடியேனுக்கு அவ்வாறு தோன்றவில்லை. தந்தை பொருளிழந்து நொந்தது அந்நியரின் சதியால் என்று அதே நூலில் பரிந்தும் எழுதுகிறார். (தந்தையோ 1898-இலேயே மறைந்தவர், மறுமொழி கூற இயலாதவர்.)

பிரகலாதாழ்வானும் இரணியனுக்கு அஞ்சிப் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் நரசிங்கப்பெருமான் வரம் தர முன்வந்தபோது, தம்மைத் துன்புறுத்திய அத்தந்தையின் பாவம் தீர வேண்டும் என்றே வேண்டினார் என்கிறது ஸ்ரீமத் பாகவதம்.