மதிப்புக் குறைந்தவர்கள்

என் பெரியப்பா மகன் திருநள்ளாறில் சிறிய லாட்ஜ் ஒன்று நடத்துகிறார். காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டர். சனிக்கிழமைகளில் நிரம்பும், மற்ற நாட்களில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். 2025 கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணினியைக் காட்டி, "தம்பி, நீ இந்த வேலதான பாக்குற, இத கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடேன்" என்றார்.

சுத்தம் செய்யவேண்டியது வாடிக்கையாளர் பட்டியலை. பல வருடங்களாக வந்து தங்கியவர்களின் பெயர், கைபேசி எண், பிறந்தநாள், கட்டிய தொகை எல்லாம் அதில் இருந்தன. விழா நாட்களில் எல்லோருக்கும் குறுஞ்செய்தி போகும். அனுப்பித் தரும் நிறுவனம் பெயர்களின் எண்ணிக்கையை வைத்து மாதக் கட்டணம் வாங்குகிறது. பட்டியல் நீள நீளச் செலவு கூடுகிறது, அறைகள் அந்த அளவுக்கு நிரம்பவில்லை. வழியை அந்த மென்பொருளே சொல்லியது. கடைசியாக எப்போது வந்தார், எத்தனை முறை வந்தார், எவ்வளவு செலவழித்தார் என்ற மூன்று கேள்விகளை வைத்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டிருந்தது. ஒரு வருடமாக வராதவர் 'செயலற்றவர்'. குறைவாகச் செலவழித்தவர் 'குறைந்த மதிப்பு'. இரண்டிலும் சிக்கியவர்களைச் சிவப்பில் காட்டி, நீக்கலாமா என்று கேட்டது. பட்டியலில் பாதிக்கு மேல் சிவப்பு.

என் தொழிலில் இது தினசரி வேலை. யோசிக்காமல் செய்வேன். நீக்குவதற்கு நல்ல காரணங்களும் உண்டு. பதில் சொல்லாத முகவரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தால், அனுப்புகிறவரின் எல்லா அஞ்சலையுமே குப்பை என்று ஒதுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கைபேசி எண் விஷயம் இன்னும் சிக்கல். பல மாதம் பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். நாம் பழைய வாடிக்கையாளர் என்று நினைத்து யாரோ ஒரு அந்நியரைத் தொந்தரவு செய்துகொண்டிருப்போம்.

அதைவிடக் கனமான காரணத்தை அண்ணனே சொன்னார். அதற்கு முந்தைய வருடம் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் அறை வாடகையில் பத்து சதவீதத் தள்ளுபடியும் தானாகப் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அழைத்தார். "அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆவுது சார். போன் அம்மாகிட்டதான் இருக்கு. உங்க மெசேஜ பாத்துட்டு அம்மா காலைலேர்ந்து அழுதுகிட்டே இருக்காங்க." அண்ணனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெயரை அன்றே நீக்கியிருக்கிறார். அந்த வீட்டுக்கு அவர் செய்திருக்கக்கூடிய ஒரே மரியாதை அதுதான். நீக்குவது எப்போதும் அவமதிப்பு இல்லை. சில சமயம் விட்டுக்கொடுப்பது, வாசல் மணியை இனி அடிக்காமல் இருப்பது.

அப்படியானால் சிவப்பை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம். அழிக்கப் போகும்போதுதான் அண்ணன் திரையைப் பார்த்து, "இரு இரு, அந்தம்மாவ எதுக்கு எடுக்குற?" என்றார்.

கொங்குப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா. தனியாக வருவார். இருப்பதிலேயே சின்ன அறை, ஒரு ராத்திரி. விடியுமுன் நளன் தீர்த்தத்தில் குளித்து, தர்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். 2014 டிசம்பர், 2017 டிசம்பர், 2023 டிசம்பர் என்று மூன்று வரவுகள் பதிவாகியிருந்தன. கணினிக்கு இது ஒழுங்கில்லாத, மலிவான, செத்துப்போன கணக்கு. காரைக்கால்காரர்கள் யாருக்கும் அந்தத் தேதிகளைப் பார்த்ததும் விளங்கிவிடும். அவை சனிப்பெயர்ச்சி. 2020 டிசம்பரில் மட்டும் வரவில்லை. அது கொரோனா வருடம்.

சனிக்கோள் சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருடம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருடம். அந்தக் கணக்கில் வருகிற ஒருவரை 365 நாள் கணக்கில் அளந்து 'செயலற்றவர்' என்று எழுதுகிறோம். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கம் தவறாமல் வருகிறவர் வாடிக்கையாளர். அந்த அம்மாவைவிடப் பெரிய வாடிக்கையாளர் அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இருப்பார்கள்? பிழை அவரிடம் இல்லை, நம் நாட்காட்டியில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ சில வருடங்களுக்கு ஒருமுறை மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்களைக் காரைக்காலின் எந்தக் கடைக் கணினியும் இப்படித்தான் எழுதிவைத்திருக்கும்.

இரண்டாவது சொல் இன்னும் உறுத்துகிறது. தமிழில் மதிப்பு என்றால் விலையும்தான், மரியாதையும்தான். 'குறைந்த மதிப்பு' என்று ஒரு மனிதர் பெயருக்கு எதிரே எழுதும்போது நாம் முதல் பொருளைத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறோம், கை இரண்டாவதற்கும் பழகிவிடுகிறது. ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் விலையையும் கண்ணியத்தையும் பிரித்தார். விலையுள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம், கண்ணியத்துக்கு ஈடாக எதையும் வைக்க முடியாது. பட்டியல் நமக்குச் சொல்வது விலையை மட்டும். மனிதரைப் பற்றிய தீர்ப்பாக அதைப் படிப்பது நம் சோம்பேறித்தனம்.

காரைக்காலின் பழைய கதையும் ஒரு வணிகக் குடும்பத்துக் கதைதான். மாங்கனி அற்புதத்தைக் கண்டு பயந்த பரமதத்தன், வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறி, பாண்டிநாட்டில் கரையிறங்கி வேறொரு வாழ்க்கை தொடங்கினான். புனிதவதியின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அங்கே பிறந்த மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தான். கணக்கிலிருந்து எடுத்த பெயர் மனத்திலிருந்து போகவில்லை. புனிதவதியோ, கணவனுக்காகத் தாங்கிய அழகு இனித் தேவையில்லை என்று கேட்டுப் பேயுருவை வாங்கிக்கொண்டார். அவரும் ஒரு பட்டியலிலிருந்து வெளியேறினார், ஆனால் தன் விருப்பத்தில். வெளியேற்றப்படுவதும் வெளியேறுவதும் ஒன்றல்ல. விளம்பரச் செய்தியின் அடியில் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

இதில் மௌனத்துக்கு என்ன பொருள் என்பதுதான் கடினமான கேள்வி. இந்த ஊருக்கு அது நன்றாகத் தெரிந்த கேள்வி. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்கள் இங்கே உண்டு. பிரான்ஸிலிருந்து ஓய்வூதியம் தொடர்ந்து வரவேண்டுமானால், உயிரோடு இருப்பதற்கான சான்றை உரிய காலத்தில் அனுப்பவேண்டும். நம் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கும் நவம்பர் மாதம் அதற்குத்தான். 2014 முதல் ஜீவன் பிரமாண் வழியாகக் கைரேகை வைத்தும் செய்யலாம். சான்று போகாவிட்டால் பணம் நின்றுவிடும். ரேகை தேய்ந்த விரலைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு, நான் இருக்கிறேன் என்று ஒரு இயந்திரத்திடம் நிரூபிக்கிற முதியவரை நினைத்துப் பாருங்கள். அங்கே மௌனத்தை மரணம் என்று படிக்கிறார்கள். வங்கிகள் இன்னொரு விதம். இரண்டு வருடம் வாடிக்கையாளர் தொடாத கணக்கு முடங்கிய கணக்கு. பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாகவேண்டும். பெயர் இடம் மாறுகிறது, உரிமை அழிவதில்லை.

ஆகவே நீக்குவதற்கு முன் கேட்கவேண்டியது, இந்தப் பட்டியல் யாருக்காக இருக்கிறது என்பது. ஓய்வூதியப் பட்டியல் அதில் இருப்பவருக்காக இருக்கிறது. அங்கே மௌனத்தைக் கண்டால், தேடிப்போகும் கடமை பட்டியலை வைத்திருப்பவருடையது. விளம்பரப் பட்டியல் நமக்காக இருக்கிறது. அங்கே மௌனத்தை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு விலகுவதே மரியாதை. ஆனால் இதில் அந்த அம்மா எங்கே நிற்கிறார்? அவருக்கு லாட்ஜின் செய்தி விளம்பரமாக இருக்கலாம், பெயர்ச்சி தேதியை நினைவூட்டும் கடிதமாகவும் இருக்கலாம். நம் இடத்திலிருந்து அது தெரியாது. தெரியாத இடத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நியாயம்.

அந்த நவம்பரில் மத்திய அரசு அறிவித்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளிலும் இதன் சாயல் இருந்தது. இரண்டு கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள இணைய வணிக நிறுவனங்கள், மூன்று வருடம் தொடர்பே இல்லாதவரின் தரவை அழிக்கவேண்டும். அழிப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன் அவருக்குச் சொல்லவும் வேண்டும். அண்ணன் லாட்ஜ் அந்த வரிசையில் வராது. ஆனால் அந்த விதியின் நோக்கம் நம் நோக்கத்துக்கு நேர் எதிர் என்பதைக் கவனிக்கவேண்டும். நாம் செலவு மிச்சம் என்று அழிக்கிறோம். விதி, அவருடையதை நாம் தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று அழிக்கச் சொல்கிறது.

அப்படிப் பார்த்தபோதுதான் அண்ணனின் மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. முழுக்க ஆதார் நகல்கள், வருடக்கணக்கில் சேர்ந்தவை. அதிகம் செலவழித்தவர், குறைவாகச் செலவழித்தவர் என்ற பேதமில்லாமல் எல்லாருடைய முகமும் முகவரியும் அதில் கிடந்தன. சும்மா கிடக்கிற கைபேசி எண்ணை அழிக்க அவ்வளவு அவசரப்பட்ட நாங்கள் இதை ஒருநாளும் சுத்தம் செய்ய நினைத்ததில்லை. மாதக் கட்டணம் இல்லையே.

கடைசியில் இப்படிச் செய்தோம். இறந்தவர்கள், தவறான எண்கள், முன்பே வேண்டாம் என்றவர்கள், இவர்களை உடனே எடுத்தோம். ஒரு வருடக் கெடுவை இரண்டு பெயர்ச்சிக் காலமாக, ஐந்து வருடமாக மாற்றினோம். மிச்சமிருந்த சிவப்புப் பெயர்களுக்கு, தொடர்ந்து செய்தி அனுப்பலாமா என்று ஒருமுறை மட்டும் கேட்டோம். பதில் வராதவர்களை ஒரு மாதம் கழித்து நீக்கினோம். சட்டப்படி வைத்திருக்கவேண்டியது போக மற்ற நகல்களைக் கிழித்தோம். கட்டணம் கொஞ்சம்தான் குறைந்தது. அண்ணனுக்கு அதில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை.

கொங்குப் பக்கத்து அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. எங்கள் விதிப்படி நீக்கியிருக்கவேண்டும். அண்ணன் கேட்கவில்லை, போன் செய்தார். "வரணும்னுதான் சாமி இருக்கேன், மூட்டு வலி விட்டாத்தான். மெசேஜெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது. கீழ ரூம் இருக்குமா?" என்று கேட்டாராம். அண்ணன் அவர் பெயருக்கு எதிரே இருந்த குறிப்புக் கட்டத்தில் 'கீழ் அறை, போன் பண்ணணும்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் மதிப்பெண் மாறவில்லை, சிவப்பாகவே இருந்தது.